'டிரா' என்ற ஒரு சொல்லைப் பிடிப்பது எப்படி? புதிதாக ஆங்கிலம் படிப்பவர்களுக்குப் படிப்படியாக

இழுப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. புல், டிராக், டக், ஹால், டோ என்று வரிசையாக இருக்கிறது. இவற்றில் 'டிரா' ஒன்றுதான் நம் பிள்ளைகளை ரொம்பப் படுத்துகிறது. படம் வரைந்தாலும் டிரா, கிணற்றில் தண்ணீர் இறைத்தாலும் டிரா, சம்பளம் வாங்கினாலும் டிரா, ஐந்து நாள் ஆடியும் யாரும் ஜெயிக்காவிட்டால் அதுவும் டிரா. பாளையங்கோட்டையில் வங்கித் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் படிக்கிற பிள்ளைகளோடு சாயங்காலங்களில் உட்கார்ந்து ஆங்கிலம் பார்க்கிறேன். அதில் அடிக்கடி வருகிற கேள்வி இது என்பதால், என்னிடம் வேலை செய்த வழியை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

முப்பது அர்த்தத்தை வரிசையாகப் போட்டுத் தருகிற வழிகாட்டிகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்யாதீர்கள், தேர்வு அறையில் ஒன்றுகூட நேரத்துக்கு வராது. இந்தச் சொல்லின் அடியில் ஒரே ஒரு செயல்தான் இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வந்து சேரும்.

தேவையானவை: ஒரு நோட்டு, ஒரு பேனா, கற்பவர்களுக்கென்றே எழுதிய ஆங்கிலம்-ஆங்கிலம் அகராதி ஒன்று. கைபேசி மொழிபெயர்ப்புச் செயலி வேண்டாம். 'டிரா' என்று மட்டும் போட்டால் அது 'வரை' என்று ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளும், நீங்களும் வரைவதுதான் முதல் அர்த்தம் என்று நினைத்துக்கொள்வீர்கள். அகராதியில் அர்த்தத்தைவிட எடுத்துக்காட்டு வாக்கியம்தான் முக்கியம். ஒரு சொல்லுக்கு நான்கு வாக்கியமாவது கொடுக்காத அகராதியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

படி 1: மூன்று வடிவம்

டிரா, டிரூ, டிரான். 'டிராடு' என்று ஒன்று கிடையாது. எது எந்தக் காலத்துக்கு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

ஆனால் உச்சரிப்பில் ஒரு விஷயம். தமிழில் எழுதிப் பழகும்போது, இழுத்தான் என்கிற 'டிரூ'வும் உண்மை என்கிற 'ட்ரூ'வும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். நம் எழுத்து இரண்டுக்கும் ஒரே 'ட'வைத்தான் தருகிறது. 'நண்டு' என்று சொல்லிப் பாருங்கள், அதில் வருகிற மெல்லிய ட-தான் இழுத்தானுக்கு. 'பட்டு' என்று சொல்லும்போது வருகிற அழுத்தமான ட உண்மைக்கு. நண்டு, பட்டு, நண்டு, பட்டு என்று நான்கு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அந்த இரண்டு ஆங்கிலச் சொல்லையும் சொன்னால் வித்தியாசம் நாக்கிலேயே தெரிந்துவிடும். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

படி 2: கிணற்றடிக்குப் போங்கள்

நம்ம ஊர்ப் பக்கம் கிணற்றில் 'தண்ணி கோருதல்' என்போம். வாளியைக் கயிற்றில் கட்டிக் கப்பி வழியாக உள்ளே விடுகிறோம். வாளி சாய்ந்து நிறைகிறது. கயிறு கனக்க ஆரம்பித்ததும் கைமாற்றிக் கைமாற்றி இழுக்கிறோம். வாளி மேலே வருகிறது, தண்ணீர் குடத்துக்குப் போகிறது.

இந்த ஒரே வேலையில் மூன்று பொருள் இருக்கின்றன. கயிறு, வாளி, தண்ணீர். ஆங்கிலத்தில் கயிற்றைப் 'புல்' செய்கிறோம். வாளியைப் 'புல் அப்' செய்கிறோம். தண்ணீரைத்தான் 'டிரா' செய்கிறோம். ஏன் தண்ணீருக்கு மட்டும்? நம் கை தண்ணீரைத் தொடவே இல்லை. பலம் பட்டது கயிற்றின் மேல். தண்ணீர் அந்த இழுப்பின் பலனாக ஓர் இடத்திலிருந்து வெளிப்பட்டு நம்மிடம் வந்து சேர்ந்தது. ஒன்று ஓர் இடத்திலிருந்து இழுபட்டு இன்னோர் இடத்துக்கு வந்து சேர்வதுதான் டிரா.

இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எது வருகிறது? எங்கிருந்து? யாரிடம் அல்லது எதன்மேல்? இனி எந்த வாக்கியத்தில் டிரா வந்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

படி 3: மூன்று கேள்வியையும் கேட்டுப் பழகுவது

உறையிலிருந்து வாள் கைக்கு வருகிறது: டிரா எ சோர்ட். தமிழில் உருவுகிறோம். நரம்பிலிருந்து ரத்தம் ஊசிக்கு வருகிறது: டிரா பிளட். பரிசோதனைக் கூடத்தில் 'ரத்தம் எடுக்கணும்' என்பது அதுதான். வெளியிலிருந்து காற்று நெஞ்சுக்கு வருகிறது: டிரா எ பிரெத். பீடியிலிருந்து புகை வாய்க்கு வருகிறது: டிரா ஆன் எ பீடி. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றுகிறவர்கள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த எடுத்துக்காட்டு சட்டென்று புரிகிறது, நாமும் 'பீடி இழுக்கிறான்' என்றுதானே சொல்கிறோம். சுற்றுவதற்கு 'ரோல்', அதை இதோடு குழப்ப வேண்டாம்.

கையில் பிடிக்க முடியாத பொருளுக்கும் இதே கேள்விகள்தான். ஆதாரங்களிலிருந்து ஒரு முடிவு நமக்கு வருகிறது: டிரா எ கன்க்ளூஷன். நாலு பக்கத்திலிருந்தும் கூட்டம் ஓர் இடத்துக்கு வருகிறது: டிரா எ கிரவுட். ஜூன் பிறந்து சாரல் விழுந்துவிட்டால் குற்றாலம் கூட்டத்தை இழுக்கிறது என்று பேப்பரில் போடுவார்கள், அது அப்படியே ஆங்கிலத்துக்குப் போகும். கவனம் ஒன்றின்மேல் வருகிறது: டிரா அட்டென்ஷன். இதற்கு நாம் 'ஈர்க்கிறது' என்கிறோம், ஈர்த்தல் என்றாலும் இழுத்தல்தான். அலுவலகத்திலிருந்து சம்பளம் நம் கைக்கு வருகிறது: டிரா எ சாலரி. ஓய்வூதியத் தாள்களிலும் பணிக்கொடைக் கணக்கிலும் 'லாஸ்ட் டிரான்' என்று வருவது கடைசியாக வாங்கிய சம்பளம். பணிக்கொடைச் சட்டப்படி அந்தக் கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்குவார்கள். கணக்குத் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த ஒரே வரியில் ஆங்கிலத்தையும் கணக்கையும் சேர்த்து முடித்துவிடலாம்.

அப்போ படம் வரைவது? பென்சில் முனையைத் தாளின்மேல் இழுத்துக்கொண்டு போகிறோம், கோடு பின்னாலேயே வருகிறது. நாமும் 'ஸ்கேலை வச்சு ஒரு கோடு இழு' என்கிறோம். வரைவது என்ற அர்த்தம் இந்தக் கோடு இழுப்பதிலிருந்துதான். அதனால்தான் பென்சில், பேனாவால் செய்வது மட்டும் டிராயிங். தூரிகையும் வண்ணமும் வந்துவிட்டால் அது பெயிண்டிங். 'டிரா வித் வாட்டர் கலர்' என்று எழுதாதீர்கள்.

குலுக்கலும் அப்படியே. குடத்துக்குள்ளிருந்து ஒரு சீட்டு கைக்கு வருகிறது: டிரா லாட்ஸ். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003-ல் தடை செய்யப்பட்டது, ஆனாலும் தீபாவளிக்குத் துணிக்கடைகளில் 'லக்கி டிரா' இருக்கிறது. தேர்தலிலும் இருக்கிறது: இரண்டு வேட்பாளருக்கும் சரிசமமாக வாக்கு விழுந்தால் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-வது பிரிவு சொல்கிறது. 'டிரா எ பிளாங்க்' என்ற தொடரும் இங்கிருந்து பிறந்ததுதான். எடுத்த சீட்டில் ஒன்றும் இல்லை, அதாவது தேடியது கிடைக்கவில்லை.

படி 4: புல்லா, டிராவா, டிராகா?

எனக்குப் பல நாள் பிடிபடாமல் இருந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். மூன்றுக்கும் தமிழில் 'இழு' என்றே போட்டுவிடுகிறோம், அதில்தான் சிக்கல்.

ஆனித் தேரோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லையப்பர் தேர் நிலையை விட்டுக் கிளம்ப வேண்டும். வடத்தைப் பிடித்து நிற்கிறவர்கள் ஒரே மூச்சில் இழுக்கிறார்கள், பின்னால் சக்கரத்துக்குத் தடி போடுகிறார்கள், முட்டுக்கட்டையோடு சிலர் சக்கரத்தை ஒட்டியே நடக்கிறார்கள். இப்போது 'மக்கள் வடத்தை இழுத்தார்கள்' என்று எழுத வேண்டுமா? கை அங்கேதான் இருக்கிறது, பலமும் அங்கேதான் தெரிகிறது: 'பீப்பிள் புல்டு தி ரோப்ஸ்'. தேர் நான்கு ரத வீதியும் சுற்றி வந்ததை எழுத வேண்டுமா? 'தி கார் வாஸ் டிரான் த்ரூ தி ஸ்ட்ரீட்ஸ்'. கை வைத்த இடத்துக்குப் புல், இழுபட்டு வருகிற பொருளுக்கு டிரா. தேருக்குப் புல் போட்டாலும் பிழையில்லை, ஆங்கிலப் பேப்பர்களில் இரண்டும் வரும். ஆனால் வடத்துக்கு டிரா போட்டால் காதில் ஒட்டாது.

டிராக் எப்போது? இழுபடுகிற பொருள் தரையில் உராய வேண்டும், அல்லது வர மாட்டேன் என்று முரண்டு பிடிக்க வேண்டும். மூட்டையைத் தரையோடு இழுத்தால் டிராக். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுகிற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் டிராக். நாள்கணக்கில் முடியாமல் இழுத்துக்கொண்டே போகிற வழக்கும் டிராக் ஆகிறது. உவரி, இடிந்தகரைப் பக்கம் கரைவலையைக் கூட்டமாகச் சேர்ந்து இழுக்கிறார்கள் பாருங்கள், அந்தக் கனமான, மூச்சு வாங்குகிற இழுப்புக்கு ஹால். பழுதான லாரியைக் கயிறு கட்டி இன்னொரு வண்டி இழுத்தால் டோ. ஹாலும் டோவும் அவ்வளவுதான், அதிகம் மெனக்கெட வேண்டாம்.

மாட்டு வண்டிக்கு 'புல்லக் டிரான் கார்ட்'. இங்கே 'புல்டு' என்று போடுவதில்லை. குதிரை வண்டிக்கும் இப்படியே.

ஒரு விதிவிலக்கும் உண்டு. பதநீருக்கு நாம் 'இறக்குதல்' என்கிறோம், பனையிலிருந்து பானைக்கு வருகிறது, மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது, ஆனாலும் ஆங்கிலத்தில் அதற்கு 'டேப்' என்பதுதான் வழக்கம். மரத்தில் வெட்டோ கீறலோ போட்டு வடியவிடுகிற எதற்கும் டேப், ரப்பர் உட்பட.

படி 5: காசோலை

வங்கித் தேர்வு எழுதாதவர்களும் இதைப் படியுங்கள், என்றாவது ஒரு நாள் தேவைப்படும்.

காசோலை பணமில்லாமல் திரும்பும்போது கூடவே ஒரு சீட்டு வரும். அதில் சில சமயம் 'ரெஃபர் டு டிராயர்' என்று இருக்கும். மேசை டிராயரைத் தேடாதீர்கள். காசோலை எழுதிக் கையெழுத்துப் போட்டவர்தான் டிராயர், தன் கணக்கிலிருந்து பணம் வரட்டும் என்று சொன்னவர் அவர். எந்த வங்கியிலிருந்து பணம் வர வேண்டுமோ அந்த வங்கி டிராயீ. யார் கைக்குப் போக வேண்டுமோ அவர் பேயீ. மூன்று கேள்வியும் அப்படியே இங்கே ஆளாக வந்து நிற்பதைக் கவனியுங்கள். 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் 7-வது பிரிவிலேயே இந்தச் சொற்களை விளக்கிவிடுகிறது. எம்ப்ளாயர், எம்ப்ளாயீ தெரியும் அல்லவா, அதே வால்தான்: செய்கிறவருக்கு அர், செய்யப்படுகிறவருக்கு ஈ.

அந்தச் சீட்டுக்கு அர்த்தம், 'எழுதிக் கொடுத்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்'. பணம் இல்லாமல் காசோலை திரும்பினால் 138-வது பிரிவில் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி இருக்கிறது. காசோலையில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும், 2012 ஏப்ரலிலிருந்து அப்படி. அதற்கு முன் ஆறு மாதம். பழைய புத்தகம் வைத்துப் படிப்பவர்கள் இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

'வித்டிரா' என்றால் போட்டதைத் திரும்ப எடுப்பது. ஏடிஎம்மில் செய்வது அது. வழக்கை வாபஸ் வாங்குவதும், வேட்புமனுவைத் திரும்பப் பெறுவதும் அதே சொல். இருப்பதைவிட அதிகமாக எடுத்தால் 'ஓவர்டிரா'. டிடி என்று நாம் சுருக்கிவிட்ட டிமாண்ட் டிராஃப்டில் உள்ள டிராஃப்டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

பழைய வீடுகளில் 'டிராயிங் ரூம்' என்பார்களே, அதற்கும் ஓவியத்துக்கும் தொடர்பில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போய் ஒதுங்கி உட்காருகிற அறை, 'வித்டிராயிங் ரூம்' என்பதன் சுருக்கம்.

படி 6: ஆட்டம்

யாருக்கும் வெற்றி இல்லை என்றால் டிரா. கால்பந்திலும் சதுரங்கத்திலும் இதில் குழப்பமே இல்லை, சதுரங்கத்தில் ஆளுக்கு அரைப் புள்ளி. கிரிக்கெட்டில் மட்டும் டிரா வேறு, டை வேறு. நேரம் முடிந்தும் ஆட்டம் முடியாவிட்டால் டிரா, அதனால் டெஸ்ட் போன்ற நாள்கணக்கு ஆட்டங்களில்தான் டிரா உண்டு. ஆட்டம் முழுசாக முடிந்து ஓட்டமும் சரிசமமாக இருந்தால் டை. டெஸ்டில் டை இரண்டே தடவைதான் நடந்திருக்கிறது: 1960-ல் பிரிஸ்பேனில், 1986-ல் நம் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடியபோது.

படி 7: வால் சேர்ந்தால்

டிராவுக்குப் பின்னால் ஒட்டுகிற சின்னச் சொற்களில் நான்கைப் படித்தால் போதும், மீதியைப் பிறகு பார்க்கலாம். 'டிரா அப்' என்றால் பத்திரம், திட்டம் ஆகியவற்றைத் தயார் செய்வது. வண்டி வந்து வாசலில் நின்றாலும் டிரா அப். 'டிரா அவுட்' என்றால் பேசத் தயங்குகிறவரை மெதுவாகப் பேச வைப்பது. 'டிரா ஆன்' என்றால் சேர்த்து வைத்த அனுபவத்தையோ பணத்தையோ எடுத்துப் பயன்படுத்துவது. 'டிரா பேக்' என்றால் பின்வாங்குவது. சேர்த்து 'டிராபேக்' என்று ஒரே சொல்லாக எழுதினால் குறைபாடு.

எழுதிப் பாருங்கள்

அப்பா கயிற்றை இழுத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கோரினார். தேர் ரத வீதியில் இழுத்து வரப்பட்டது. அவன் பெட்டியைத் தரையோடு இழுத்தான். அக்கா அங்கே எவ்வளவு சம்பளம் வாங்குகிறாள்? முதல் வாக்கியத்தில் புல், டிரூ இரண்டும் வர வேண்டும். இரண்டாவதில் டிரான், மூன்றாவதில் டிராக். நான்காவதில் டிரா, அங்கே டிரூ போட்டால் இப்போது வாங்கவில்லை என்று ஆகிவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் திரைச்சீலை பற்றிக் கேட்டிருந்தார். 'டிரா தி கர்ட்டன்ஸ்' என்றால் திறப்பதா, மூடுவதா? இரண்டும்தான். இழுப்பது மட்டும்தான் அந்தச் சொல்லில் இருக்கிறது, எந்தப் பக்கம் என்பது இல்லை. இருட்டிய பிறகு சொன்னால் மூடு, விடிந்ததும் சொன்னால் திற என்று சூழலை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் எழுதும்போது 'ஓபன்', 'குளோஸ்' என்றே எழுதிவிடுங்கள்.

இன்னொருவர் கேட்டது டிராயர். நம்ம ஊரில் டிராயர் என்றால் அரைக்கால் சட்டை. ஆங்கிலத்தில் 'டிராயர்ஸ்' என்பது உள்ளாடைக்கான பழைய சொல், காலில் மாட்டி மேலே இழுப்பதால் வந்த பெயர். அரைக்கால் சட்டைக்கு ஆங்கிலத்தில் ஷார்ட்ஸ் என்றே சொல்லுங்கள். மேசையில் இழுத்துத் திறக்கிற பெட்டிக்கும் எழுத்து அதேதான், உச்சரிப்பு மட்டும் ஒரே அசையில் 'டிரார்' என்று முடிந்துவிடும். காசோலை எழுதுகிறவரைச் சொல்லும்போது இரண்டு அசையாகப் பிரித்து 'டிரா-அர்' என்பார்கள்.

மூன்றாவது, வறட்சி என்ற பொருளில் வருகிற 'டிரௌட்'டும் இந்தக் குடும்பமா என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள். இல்லை, அது காய்ந்தது என்று பொருள்படும் 'டிரை'யின் வழி வந்தது. எழுத்து ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் குழம்புகிறது. அதன் நடுவில் 'ஓ'வுக்குப் பதில் 'ஏ' வந்தால் 'டிராஃப்ட்' என்று வாசிக்க வேண்டும், கதவிடுக்கில் இழுத்து வருகிற காற்றுக்கும், தூத்துக்குடித் துறைமுகச் செய்திகளில் கப்பல் எவ்வளவு ஆழம் நீருக்குள் அமிழ்கிறது என்பதற்கும் அதுதான் சொல். அது டிரா வீட்டுப் பிள்ளை. வறட்சி பக்கத்து வீடு.